உப்பை மாற்றும் முன்: தனிமக் குடும்பங்கள் பற்றி ஒரு தாயின் கேள்வி

கேள்வி: ஐயா, நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். என் கணவர் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். தனிம வரிசை அட்டவணையைக் குடும்பம் குடும்பமாக மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இரவெல்லாம் உருப்போட்டும் காலையில் மறந்துவிடுகிறது என்று அழுகிறாள். போன வாரம் கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் பார்த்தோம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதாக அச்சிட்டிருந்தார்கள். என் மாமியாருக்கு இரத்தக்கொதிப்பு உண்டு. சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஆயா, சோடியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம்தான், அதுக்குப் பதிலா இதைப் போட்டுக்கலாம்" என்கிறாள் மகள். அப்படிச் செய்யலாமா? ஒரே குடும்பம் என்றால் ஒரே குணம் என்றுதானே பொருள்? தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் சோடியமும் நச்சு வாயுவான குளோரினும் சேர்ந்து எப்படிச் சாப்பிடும் உப்பு ஆகிறது என்றும் கேட்கிறாள். ஹைட்ரஜன் எந்தக் குடும்பம் என்று பள்ளியில் கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லையாம். இதையெல்லாம் எப்படிப் படித்தால் அவள் மனத்தில் நிற்கும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் பாடம் ஒரு வாரம் காத்திருக்கலாம், உப்பு காத்திருக்காது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாக்கெட்டை உங்கள் மாமியாருக்காக இப்போது வாங்க வேண்டாம். நான் மணலியில் ஓர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்த வேதியியலாளன், மருத்துவன் அல்லன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் வேதியியலும் மருத்துவமும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. நாம் உண்ணும் பொட்டாசியத்தில் மிகையானதை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் சிறுநீரகத்தைச் சேர்ந்தது. அது தளர்ந்திருந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் தங்கும், தங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பதே இயல்பு என்பதால், கூடுவதற்கு அங்கே அதிக இடமில்லை. இரத்தக்கொதிப்புக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில, பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைக்கும் தன்மை உடையவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பொதுவாகப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கி வைத்தது. ஆகவே மாத்திரைச் சீட்டையும் பாக்கெட்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதுவரை பழைய உப்பையே குறைத்துப் போடுவதும், கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் தட்டிலிருந்து தள்ளிவைப்பதும் போதும்.

இனி உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். அவள் சொன்னதில் பாதி முற்றிலும் சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. அதே பிழையை நானும் செய்திருக்கிறேன் என்பதால் அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அமிலத்தின் செறிவைத் தரம் பார்த்து அளப்பதற்காகச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரிக்கச் சொன்னார்கள். லிட்டருக்கு 40 கிராம் என்பது பாடம். அந்தப் புட்டி காலியாக இருந்தது; பக்கத்திலேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இருந்தது. இரண்டும் வெள்ளை வில்லைகள், இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிபவை, இரண்டும் தோலில் பட்டால் வழவழப்பாகி அரிப்பவை. ஒரே குடும்பம்தானே என்று அதிலிருந்து 40 கிராம் எடுத்துக் கரைத்துவிட்டேன். பொட்டாசியம் அணு சோடியத்தைவிடக் கனமானது என்பதால் அதே வலிமைக்கு 56 கிராம் வேண்டும் என்பதை மறந்துபோனேன். அன்று பிற்பகல் முழுவதும் எல்லா அமிலங்களும் உள்ளதைவிட 1.4 மடங்கு செறிவானவை என்று எழுதி வைத்திருந்தேன். முதன்மை வேதியியலாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "குடும்பம் ஒன்றுதான் தம்பி, எடையும் ஒன்றா?" என்று மட்டும் கேட்டார்.

என் பிழையில் வீணானது ஒரு பிற்பகல்தான். இதே நினைப்பு உயிரையே வாங்கிய வரலாறும் உண்டு, அதுவும் உப்பு விஷயத்திலேயே. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகளுக்காக லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டு உப்புக்கு மாற்றாக விற்றார்கள். லித்தியமும் அதே முதல் தொகுதியை, அதாவது அட்டவணையின் முதல் நெடுவரிசையைச் சேர்ந்தது; சுவையும் கரிப்புத்தான். பலர் நஞ்சேறி நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், 1949இல் அது கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. காரணத்தைக் கவனியுங்கள்: உணவில் சோடியம் குறையும்போது சிறுநீரகம் அதை வெளியே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது, லித்தியம் சோடியத்தை ஒத்திருப்பதால் அதையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. உப்பைக் குறைத்த நோயாளியிடம்தான் லித்தியம் அதிகமாகத் தேங்கியது. உறவின் சாயல் இருந்ததால் உள்ளே நுழைந்தது, குணம் வேறாக இருந்ததால் கெடுத்தது. அதே 1949இல்தான் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்புகள் மனவெறி நோயைத் தணிக்கின்றன என்று எழுதினார். இன்றும் அது இரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்கப்படும் மருந்தாக இருக்கிறது.

அப்படியானால் குடும்பம் என்பது எதில்தான் ஒன்று? அணுவின் கடைசிக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதில் ஒன்று. லித்தியத்தின் 3 எலக்ட்ரான்கள் 2, 1 என்றும், சோடியத்தின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்றும், பொட்டாசியத்தின் 19 எலக்ட்ரான்கள் 2, 8, 8, 1 என்றும் அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே எத்தனை கூடுகள் இருந்தாலும் வெளியே நிற்பது ஒன்றே ஒன்று. வேதிவினை என்பது பெரும்பாலும் வெளியே நிற்கும் எலக்ட்ரான்களின் கொடுக்கல் வாங்கல் ஆதலால், இவை மூன்றும் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரே வகையான சேர்மங்களை உண்டாக்குகின்றன. குளோரினோடு சேரும்போது ஒன்றுக்கு ஒன்று, ஆக்சைடு நீரில் கரைந்தால் காரம், உலோகத்தைக் கத்தியால் வெட்டலாம் என்று வரும் ஒற்றுமைகள் எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்து பிறப்பவை.

வேற்றுமையும் அதே செய்தியிலிருந்துதான் பிறக்கிறது. காலை நேரத்துக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் படிக்கட்டில் தொங்கும் ஆளை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: உள்ளே கூட்டம் பெருகப் பெருக அவருடைய பிடி தளர்கிறது. தொகுதியில் கீழே போகப் போகக் கடைசி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து தொலைவாகிறது, நடுவிலிருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன. அதைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், அதாவது அயனியாக்கும் ஆற்றல், மோலுக்கு லித்தியத்தில் 520 கிலோஜூல், சோடியத்தில் 496, பொட்டாசியத்தில் 419, ருபீடியத்தில் 403, சீசியத்தில் 376 என்று இறங்குகிறது. அதனால் லித்தியம் தண்ணீரில் நிதானமாகக் குமிழிவிடும். சோடியம் உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுடரோடு எரியும். சீசியம் பாத்திரத்தையே உடைத்துவிடும். உலோகங்களின் உருகுநிலையும் அதே வரிசையில் 180, 98, 63, 39, 28 டிகிரி என்று விழுகிறது. ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்த சீசியத்தை நம்மூரில் வைத்தால் மார்கழி விடியற்காலையில் திண்மமாகவும் சித்திரை நண்பகலில் திரவமாகவும் இருக்கும்.

இந்த வினைகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சோடியத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வருவதுண்டு. அது பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில், மிளகளவு துண்டில் மட்டும் நடக்க வேண்டிய காரியம். வீட்டில் பார்க்க வேறொன்று இருக்கிறது. உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் சட்டென்று பளிச்சென்ற மஞ்சளாக மாறுமே, அது சோடியம் காட்டும் நிறம். பொட்டாசியம் வெளிர் ஊதா, லித்தியம் செந்நிறம் காட்டும். இப்படிச் சுடரின் ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான் 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் பன்சனும் கிர்க்காஃபும் கண்டுபிடித்தார்கள்.

உடலும் இதே வேற்றுமையைத்தான் உணர்கிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனியின் ஆரம் 102 பைக்கோமீட்டர், பொட்டாசியம் அயனிக்கு 138. கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டைச் செல்லின் சவ்விலுள்ள வாயில்கள் துல்லியமாகப் பிரித்தறிகின்றன. 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று ஒவ்வொரு செல்லிலும் ஓய்வின்றி ஓடுகிறது. சோடியம் வெளியிலும் பொட்டாசியம் உள்ளேயும் இருப்பதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, இதயம் சுருங்குகிறது. ஆயாவின் உப்புக்கு நான் சொன்ன எச்சரிக்கையின் அடிப்படை இதுதான் என்று மகளிடம் சொல்லுங்கள். அவள் அந்த வேறுபாட்டை இனி மறக்க மாட்டாள்.

நச்சும் நெருப்பும் சேர்ந்து உப்பானது எப்படி என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. சோடியம் தன் ஒற்றை எலக்ட்ரானை இழந்தால் அதன் அமைப்பு நியான் என்ற மந்த வாயுவைப் போல் ஆகிறது. குளோரினுக்குக் கடைசிக் கூட்டில் 7 இருக்கிறது. ஒன்று கிடைத்தால் ஆர்கானைப் போல் ஆகிவிடும். ஒன்று கொடுத்தது, மற்றது வாங்கியது, இரண்டின் ஆவேசமும் அடங்கியது. உப்பில் இருப்பது சோடியம் உலோகமும் அல்ல, குளோரின் வாயுவும் அல்ல. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும். பெயர் ஒட்டியிருப்பதால் குணமும் ஒட்டியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குளோரினைத் திரும்ப வரவழைப்பதும் கடினமல்ல என்பதை இங்கே ஒரு பக்கக் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் எடுக்கும் தொழில் மணலியிலேயே நடக்கிறது. அதைப் பயிற்சி பெற்றவர்கள் மூடிய கலன்களில் செய்கிறார்கள். வீட்டில் நாம் அறியாமல் செய்வது வேறு: கழிவறையைச் சுத்தம் செய்யும்போது பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு எழும். அடைத்த சிறு அறையில் அது நுரையீரலைத் தாக்கும். இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

குளோரின் குடும்பத்துக்கு ஹாலஜன் என்று பெயர். தமிழில் உப்பீனி என்கிறோம், அதாவது உப்பை ஈனுவது. கிரேக்கச் சொல்லின் பொருளும் ஏறத்தாழ அதுவே. இந்தக் குடும்பத்தின் கதையும் உப்பளத்தில்தான் தொடங்குகிறது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு படிந்து வாரியெடுத்த பிறகும் பாத்தியில் கசப்பான கெட்டி நீர் மிஞ்சும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அவற்றில் புரோமைடு 65 மில்லிகிராம் அளவுதான், ஆனால் அது முழுவதும் இந்தக் கசப்பு நீரில் வந்து சேர்கிறது. பிரான்சில் மோன்பெலியே நகருக்கு அருகிலுள்ள உப்பளத்தின் அத்தகைய நீரில் குளோரினைச் செலுத்தி, செம்பழுப்பு நிறத் திரவமாகப் புரோமினை 1826இல் வெளிக்கொணர்ந்தவர் அந்துவான் பலார் என்ற இளைஞர். ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் லீபிக் அதற்கு முன்பே அதே திரவத்தைக் கையில் வைத்திருந்தும், அயோடின் குளோரைடு என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

பலார் குளோரினைச் செலுத்தியதும் ஏன் புரோமின் வெளியே வந்தது? ஏனென்றால் எலக்ட்ரானைப் பிடுங்குவதில் குளோரின் வல்லது. இங்கே மகள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும், தேர்வில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் தொகுதியில் கீழே போகப் போக வினைத்திறன் கூடியது. உப்பீனிகளில் கீழே போகப் போகக் குறைகிறது. காரணம் ஒன்றேதான்: அணு பெரிதாகப் பெரிதாகக் கடைசிக் கூட்டின் மேல் அணுக்கருவின் பிடி தளர்கிறது. கொடுக்க வேண்டியவனுக்கு அது வசதி, வாங்க வேண்டியவனுக்கு அது இடைஞ்சல். எனவே ஃபுளூரின் எல்லாவற்றையும்விட மூர்க்கமானது, குளோரின் புரோமைடிலிருந்து புரோமினையும், புரோமின் அயோடைடிலிருந்து அயோடினையும் விரட்டும், திரும்ப நடக்காது. இந்த ஒழுங்கில் ஒரு சிறு மேடு உண்டு: எலக்ட்ரான் நாட்டம், அதாவது அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல், மோலுக்கு ஃபுளூரினுக்கு 328, குளோரினுக்கு 349 கிலோஜூல். ஃபுளூரின் அணு மிகச் சிறியது என்பதால் உள்ளே வரும் எலக்ட்ரானை ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்பவை எதிர்த்துத் தள்ளுகின்றன. தேர்வில் இதை விரும்பிக் கேட்பார்கள்.

நாம் சமையலில் போடும் உப்பில் அயோடின் இருக்கிறது என்று சொல்வதும் அயோடின் தனிமத்தை அல்ல. பொட்டாசியம் அயோடேட்டைத்தான் சேர்க்கிறார்கள், அதுவும் பத்து லட்சம் பங்குக்குப் பதினைந்து இருபது பங்கு என்ற அளவில். தைராய்டு சுரப்பி கேட்பது அயோடினை மட்டும். குளோரின் உப்பில் கொட்டிக் கிடந்தாலும் அந்த வேலையை அதனால் செய்ய முடியாது.

இரண்டாம் தொகுதியான காரமண் உலோகங்களும் அதே உப்பு ஜாடியில் இருக்கின்றன. கல் உப்பு மழைக்காலத்தில் நீர்விட்டுப் போவதற்குப் பெரிதும் காரணம் அதோடு ஒட்டிவரும் மக்னீசியம் குளோரைடு. உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமலும் குழாய்வாயில் வெள்ளையாகப் படிந்தும் தொல்லை தருவது கால்சியமும் மக்னீசியமும். இந்தக் குடும்பத்தில் ஒற்றுமையைவிடக் கரைதிறனில் வரும் படிப்படியான மாற்றமே கவனிக்கத் தக்கது: சல்ஃபேட்டுகள் கீழே போகப் போகக் கரையாமல் போகின்றன, ஹைட்ராக்சைடுகள் கீழே போகப் போக நன்றாகக் கரைகின்றன. கரையும் பேரியம் உப்பு கடும் நஞ்சு. ஆனால் பேரியம் சல்ஃபேட் கரைவதே இல்லை என்பதால் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் அதையே குடிக்கக் கொடுக்கிறார்கள்.

மந்த வாயுக்களை அட்டவணையின் ஓரத்தில் கிடப்பவை என்று ஒதுக்காதீர்கள். மற்ற எல்லாக் குடும்பங்களும் எட்டிப் பிடிக்கப் பார்க்கும் அமைப்பு அவற்றினுடையது. காற்றில் நூற்றுக்கு 0.93 பங்கு ஆர்கான். உங்கள் கணவருக்குப் பழக்கமான வெல்டிங் பட்டறைகளில் சிலிண்டரில் வருவதும் அதுதான். ஹீலியத்தின் கதையில் நம் பழைய சென்னை மாகாணத்துக்கும் ஒரு பங்குண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், அன்று இந்த மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்து, சூரியனின் விளிம்பிலிருந்து எழும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டு நடந்த இத்தகைய ஆய்வுகளில், சோடியத்தின் மஞ்சளோடு பொருந்தாத வேறொரு மஞ்சள் கோடு பிடிபட்டது. இங்கிலாந்தில் லாக்கியர் அதைப் புதிய தனிமத்தினுடையது என்று கொண்டு சூரியனின் பெயரையே அதற்கு வைத்தார். பூமியில் அது கைக்குக் கிடைத்தது 1895இல்தான். அதற்குக் கடைசிக் கூட்டில் 8 இல்லை, 2தான். ஆயினும் அந்தக் கூடு 2இலேயே நிறைந்துவிடுவதால் இந்தக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த வாயுக்கள் எதனோடும் சேராது என்று பழைய புத்தகங்கள் அடித்துச் சொல்லும். 1962இல் நீல் பார்ட்லெட் செனானைச் சேர்மமாக்கிக் காட்டிய பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

அட்டவணையின் நடுப்பகுதியிலுள்ள குடும்பங்களில் குணம் மேலிருந்து கீழே வெகுவாக மாறும். 14ஆம் தொகுதி கரியில் தொடங்கி, சிலிக்கன், ஜெர்மானியம் வழியே உலோகங்களில் முடிகிறது. அதன் கடைசி இரண்டு பேரையும் தமிழ் எப்போதோ உறவினர்களாகக் கண்டுகொண்டது என்பது என் நெடுநாளைய மகிழ்ச்சி: ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும், உடலுக்குக் கொடிய நஞ்சு. பெயரில் உறவு இருக்கிறதே என்று ஒன்றின் இடத்தில் மற்றதைக் கலந்து வார்த்த சொம்பு வாங்கிவிட்டால் அது ஆயாவின் உப்புக் கதைதான். 12ஆம் தொகுதியில் துத்தநாகம், காட்மியம், பாதரசம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. இரும்புப் படகின் அடியில் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளக் கட்டும் கட்டி துத்தநாகம். உடலுக்கும் அது சிறிதளவு வேண்டும். அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதே காட்மியம் செய்யும் கேடு. இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற இடைநிலை உலோகங்களில் மேலும் கீழுமாக உள்ள உறவைவிடப் பக்கத்துப் பக்கத்து உறவு அழுத்தமானது. பதினொன்றாம் வகுப்பில் அதற்குமேல் கவலைப்பட வேண்டாம்.

மகள் படிக்கும் முறையைப் பற்றி ஒரு கருத்து சொல்கிறேன். பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வாக்கியமாக்கி உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வரிசை நினைவிருக்கும், அது எதற்கு என்பது நினைவிருக்காது. தனிமங்களின் உறவை முதலில் கண்டவர்கள் அவற்றை மனப்பாடம் செய்யவில்லை, ஒன்றைக்கொண்டு மற்றதை ஊகித்தார்கள். ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர், லித்தியத்தின் அணு எடை 7, பொட்டாசியத்தினது 39, இரண்டின் சராசரியான 23 சோடியத்தினது என்று கண்டார். ஆங்கிலேய வேதியியலாளர் நியூலாந்ஸ் 1865இல் ஏழு சுரத்துக்குப் பின் மீண்டும் சட்ஜம் வருவதைப் போல எட்டாவது தனிமத்தில் குணம் திரும்புகிறது என்று சொன்னபோது, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேலி செய்தார்கள். ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் தெரிந்திருந்த 63 தனிமங்களை அடுக்கி, இல்லாதவற்றுக்குக் காலியிடம் விட்டு, அவற்றின் குணத்தையும் முன்கூட்டி எழுதினார்; அந்தப் பெயர்களுக்கு முன்னால் நம் 'ஏக' என்ற சொல்லையே ஒட்டினார். ஏக-அலுமினியம் 1875இல் கேலியமாகக் கிடைத்தது. கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்று அளந்தார், மெண்டலீவ் 5.9 ஆக இருக்க வேண்டும், தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்து பாருங்கள் என்று எழுதினார். மீண்டும் அளந்தபோது 5.9 வந்தது.

மகளும் அதையே செய்யட்டும். வெற்றுத் தாளில் 1, 2, 17, 18 ஆகிய தொகுதிகளை மட்டும் வரைந்து, ஒரு தனிமத்தின் விவரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மேலே கீழே உள்ளவற்றிலிருந்து ஊகித்து எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். குளோரின் பூஜ்யத்துக்குக் கீழே 34 டிகிரியிலும் அயோடின் 184 டிகிரியிலும் கொதிக்கின்றன. நடுவிலுள்ள புரோமினுக்குச் சராசரி 75 வரும், உண்மை 59. பொட்டாசியத்தையும் சீசியத்தையும் வைத்து ருபீடியத்தின் உருகுநிலையை ஊகித்தால் 46 வரும், உண்மை 39. எண் சற்றுத் தவறும், திசை தவறாது; அந்த இடைவெளியைப் பார்த்து ஏன் என்று கேட்கத் தொடங்கினால் பாடம் மனத்தில் இறங்கிவிடும். ஒவ்வொரு குடும்பத்திலும் தலையில் நிற்பதைத் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். லித்தியம் பல வகைகளில் தன் தம்பிகளைவிட மூலைவிட்டத்தில் இருக்கும் மக்னீசியத்தையே ஒத்திருக்கும். பெரிலியம் அலுமினியத்தை ஒத்திருக்கும்.

கடைசியாக ஹைட்ரஜன். அதற்கு எலக்ட்ரான் ஒன்றே ஒன்று என்பதால் முதல் தொகுதியின் தலையில் வைக்கிறார்கள், அமிலங்களில் அந்த ஒன்றை இழந்தும் நிற்கிறது. ஆனால் அதைப் பிரிக்க 1312 கிலோஜூல் வேண்டும், லித்தியத்துக்குத் தேவையானதைப் போல் இரண்டரை மடங்கு. அது வெட்டக்கூடிய உலோகமன்று, இரண்டிரண்டு அணுக்களாகத் திரியும் வாயு. அந்த வகையில் உப்பீனிகளை ஒத்திருக்கிறது. கூடு நிறைய ஒன்றுதான் குறைவு என்பதால் சோடியத்தோடு சேரும்போது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சோடியம் ஹைட்ரைடாகவும் ஆகிறது. எனவே சில அட்டவணைகளில் 17ஆம் தொகுதியின் மேலும் அதற்கு ஓர் இடம் தருகிறார்கள், சிலவற்றில் எதிலும் சேர்க்காமல் தனியே மேலே வைக்கிறார்கள். தேர்வுத்தாளில் முதல் தொகுதி என்று எழுதி, கார உலோகம் அல்ல என்பதையும் அடுத்த வரியில் எழுதட்டும். இரண்டுக்கும் காரணம் காட்டினால் மதிப்பெண் குறையாது. பள்ளியில் பதில் கிடைக்கவில்லை என்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த ஒற்றை எலக்ட்ரானுக்கு இரண்டு வழியும் திறந்திருப்பதால் வேதியியலாளர்களே இன்றும் அதை ஒரே இடத்தில் வைத்தபாடில்லை.